விமானத்துக்கு ஒரு செக் ஷீட்

ஓசூரிலிருந்து தளி சாலையில் போனால் பேலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸின் ஓடுபாதை வரும். இத்தாலிய வடிவமைப்பான பார்டெனாவியா பி-68, பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் (என்ஏஎல்) வடிவமைத்த ஹன்சா என்று சிறு விமானங்கள் இங்கே உருவாகியிருக்கின்றன. சொன்னால் ஊர்க்காரர்களே நம்பத் தயங்குவார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூருவில் ராஜ் ஹம்சா நிறுவனம். அலுமினியக் குழாயும் டாக்ரான் துணியுமாக அவர்கள் செய்த எக்ஸ்-ஏர், கிட்டாகக் கப்பலேறிப் போய் பிரிட்டனில் ஆர்வலர்கள் தாங்களே பூட்டிப் பறந்த விமானம். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்கு வந்தது. 2017-இல் விமானப் போக்குவரத்து ஒழுங்காற்று அமைப்பான டிஜிசிஏவின் பதிவும் கிடைத்தது.

கட்டியவர்களைக் கொண்டாடுகிறோம். கட்டியதை வருஷா வருஷம் பிரித்துப் பார்த்துப் பூட்டும் வேலைக்குக் கைதட்டல் கிடையாது. அந்த வேலைக்காக ஓர் ஆப் செய்து பார்த்தேன். கருவி: கூகுள் 2020-இல் வாங்கிய ஆப்ஷீட். நிரல் எழுத வேண்டாம், கூகுள் ஷீட் ஒன்றைக் கொடுத்தால் அதையே ஆப்பாக்கித் தரும். சோதனை நிலையில் 10 பேர் வரை இலவசம். சோதனைக்கு எடுத்துக்கொண்டது நண்பர் ஒருவரின் எக்ஸ்-ஏர், இன்ஜின் ரோட்டாக்ஸ் 582.

ஷீட் போடுவது சுலபம். தலைவலி தேதிக் கணக்கில்தான். 582-ஐ 300 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 5 வருஷத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால் செய்ய வேண்டும். எது முந்துகிறதோ அது. வருஷத்துக்கு 40 மணி நேரம் பறப்பவருக்கு 200 மணி நேரத்திலேயே வருஷக் கெடு வந்துவிடும். பயிற்சிக்கு ஓடும் விமானத்தில் மணிக் கணக்கு முந்தும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கடிகாரம் வைத்தேன். ஆப்ஷீட்டில் கவனிக்க வேண்டிய இடம் இங்கே இருக்கிறது: இன்றைய தேதியைச் சார்ந்த கணக்கைச் சாதாரண நெடுவரிசையில் எழுதினால், அந்த வரியை யாராவது திருத்தும்போது மட்டுமே விடை மாறும். கெடு தாண்டிய பாகம் திரையில் பச்சையாகவே நிற்கும். விர்ச்சுவல் நெடுவரிசையில் எழுதினால் ஒவ்வொரு சிங்க்கிலும் கணக்கு புதிதாகும். மளிகைக் கடை ஸ்டாக்குக்கு இது சின்ன விஷயம். விமானத்தில் அப்படி விட முடியாது.

வருடாந்திர ஆய்வுக்கான சட்டக் கெடு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மார்ச் 5 அன்று ஆய்வு முடித்தால் அடுத்த வருஷம் மார்ச் 31 வரை செல்லும். மாதக் கடைசியைத் தரும் சூத்திரம் ஒன்று போதும். நம்மூரில் சான்றிதழில் அச்சிட்ட தேதியைக் கையால் தட்டுவதே நல்லது. எல்லாவற்றையும் சூத்திரத்திடம் ஒப்படைக்கும் ஆசை எனக்கில்லை.

அடுத்தது டிக் பெட்டி. முதல் வடிவத்தில் எல்லாமே டிக்காக இருந்தது. இரண்டாவதில் பெரும்பாலானவற்றைத் தூக்கிவிட்டேன். டிவிஎஸ் மோட்டார் 2002-இலும், அசோக் லேலண்டின் ஓசூர் இரண்டாம் யூனிட் 2017-இலும் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு வாங்கிய ஊர் இது. லைனில் நின்றவர்களைக் கேளுங்கள், 'ஓகே' எழுதும் கட்டத்தை ஷிப்ட் முடியும்போது மொத்தமாக நிரப்பலாம், மில்லிமீட்டர் கேட்கும் கட்டத்தை அளக்காமல் நிரப்ப மனசு வராது என்பார்கள். எக்ஸ்-ஏரின் துணி வெயிலில் வலுவிழக்கும். அதைச் சோதிக்க பெட்ஸோமீட்டர் என்று ஒன்று உண்டு: துணியில் ஊசியைக் குத்தி, ஸ்பிரிங் தராசு போல இழுத்து, எத்தனை கிராம் தாங்குகிறது என்று பார்ப்பது. ஆப் கேட்பது அந்த கிராமை. போன வருஷ எண் பக்கத்திலேயே தெரியும். இறக்கம் கண்ணில் படும்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி 'கழற்றியவை' பட்டியல். ஆய்வில் பிரிப்பதை விடத் திரும்பப் பூட்டுவதில்தான் ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. ஒரு பேனலைத் திறந்தால், காட்டர் பின்னை உருவினால், போட்டோவோடு ஒரு வரி. பூட்டியபின் இன்னொரு போட்டோ. ஒரு வரி திறந்திருந்தாலும் கையெழுத்துக் கட்டம் திரையில் தோன்றாது. இந்த ஒரு நிபந்தனைக்காகவே ஆப் செய்யலாம். படத்தின் அளவை மட்டும் செட்டிங்ஸில் 'ஃபுல்' ஆக்கிவிடுங்கள். சுருக்கிய படத்தில் மயிரிழை விரிசல் தெரியாது.

விமானம் நிற்கும் தகரக் கொட்டகைக்குள் சிக்னல் இல்லை. ஆஃப்லைனில் எழுதி, வெளியே வந்து சிங்க் செய்தோம், எதுவும் தொலையவில்லை. இருவர் ஒரே வரியை ஒரே நேரத்தில் திருத்தாமல் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொள்வது உத்தமம். மெக்கானிக் கன்னடம் படிப்பவர், நண்பர் வீட்டில் பேசுவது தெலுங்கு, நான் தமிழ். ஓசூரில் இது அன்றாடம். யூசர் செட்டிங்ஸில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி வைத்து, பார்ட் நம்பரை எல்லோருக்கும் பொதுவாக விட்டேன். மொழிபெயர்ப்பை ஒவ்வொன்றாக நாமே எழுத வேண்டும், அது அலுப்பான வேலை.

யார் கையெழுத்திடலாம் என்பதை ஆப் தீர்மானிக்காது. அமெரிக்காவில் விமானத்தைக் கட்டியவரே ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கித் தன் விமானத்தைத் தானே ஆய்வு செய்யலாம். அதை விலைக்கு வாங்கியவருக்குக் கட்டியவருக்கான அந்தச் சான்றிதழ் கிடைக்காது. இந்த ஆப்பில் விரலால் போடும் கையெழுத்தை நான் வெறும் குறிப்பாகவே வைத்திருக்கிறேன். ஆய்வு முடிந்ததும் அளவுகளும் படங்களும் பிடிஎஃப்பாக வரும். அதைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்திடும் உரிமையுள்ள பொறியாளரிடம் கொடுத்தால், அவர் படித்துவிட்டு லாக்புக்கில் பேனாவால் எழுதுவார்.