தளம் குனியும் அழகு

பெக்கோ ஒன்றைத் திரியாய்க்கு ஏற்றி வருகிறவர் அதன் எடையைப் பார்ப்பதற்கு முன் உயரத்தைப் பார்க்க வேண்டும். இருபது தொன் வகைப் பெக்கோ, கையை மடித்துத் தாழ்த்திய பிறகும் ஏறத்தாழ 3 மீற்றர் உயரம் நிற்கும். சாதாரணத் தட்டை ட்ரெய்லரின் தளம் நிலத்திலிருந்து 1.5 மீற்றர். கூட்டினால் 4.5. திருகோணமலையிலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று கரையோரமாக வரும் வீதியில் குறுக்கே தொங்கும் வயர்களுக்கு இந்த உயரம் ஆகாது. சுமை குனியாது. தளம்தான் குனிய வேண்டும்.

அப்படிக் குனிந்ததுதான் படித்தட்டு ட்ரெய்லர். நம் ஊரில் லோ பெட் என்று அழைக்கப்படுபவற்றில் பல இந்த உருவம்தான். இழுக்கிற வண்டியான பிரைம் மூவரின் மேலே பத்துப் பதினோரு அடிக்கு உயரமாக இருக்கும் தளம், ஒரே படியில் இறங்கி ஏறத்தாழ 1 மீற்றருக்கு வந்துவிடும். அதே பெக்கோ இப்போது 4 மீற்றரை ஒட்டி அடங்கும். அந்த அரை மீற்றரில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் இருக்கிறது என்பேன்.

படி ஏன் வந்தது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1914இல் டெட்ராய்ட் நகர மரவியாபாரி ஃப்ரெடரிக் சிப்லி, தன் படகைத் தரைவழியே கொண்டுபோக வழி கேட்டு ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். கொல்லர் செய்துகொடுத்த வண்டியை ஃபோர்ட் மொடல் டி கார் இழுத்தது. சுமையின் முன்பாரம் இழுக்கிற வண்டியில், பின்பாரம் ட்ரெய்லரின் சில்லில். படகும் வலையுமாக வாழும் திரியாய்க்காரருக்கு இந்தத் தொடக்கம் பிடிக்கும். இன்றும் அதே ஏற்பாடுதான். முன்பக்கம் பிரைம் மூவரின்மேல் உட்கார வேண்டியிருப்பதால் அது தாழ முடியாது. பின்னால் மட்டும் தாழ்த்தினார்கள்.

தாழ்த்துவதற்கும் விலை உண்டு. தளம் இறங்கினால் சில்லும் சிறுக்கும். சின்னச் சில்லு அதிகம் சுழன்று சீக்கிரம் சூடேறும், குழியில் ஆழமாக இறங்கும். இன்னும் தாழ்ந்து, நடுவயிறு அரை மீற்றரில் தொங்கும் வகையும் இருக்கிறது. பெருவீதிக்கு அது அருமை. மதகு மேடு ஏறி வயல்வழிக்குத் திரும்பும்போது வயிறு தரையில் உட்கார்ந்துவிடும். திரியாய் வயல்பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது.

ஆனால் தட்டையை மட்டமாக நினைக்க வேண்டாம். 12 மீற்றர் கட்டடக் கம்பிக்கும் நாற்பதடிக் கொள்கலனுக்கும் படி ஒரு தொல்லை. முழு நீளமும் ஒரே மட்டமாக வேண்டும். நல்ல தட்டையின் முதுகு, வெறுமையாக நிற்கும்போது நடுவில் சற்று மேலெழுந்திருக்கும். பாரம் ஏறியதும் அது நேராகிவிடும். அதைச் செய்த பட்டறைக்காரரின் கணக்கை வியக்காமல் இருக்க முடியாது. வாங்கப் போகிறவர் பக்கவாட்டில் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் பார்க்கட்டும். வெறுமையிலேயே நடு தொய்ந்திருந்தால் அது களைத்துப்போன வண்டி. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிறகு அடியில் தவழ்ந்து குறுக்குச் சட்டங்களின் வெல்டிங் மூட்டுகளைத் தட்டிப் பார்க்கட்டும். கடற்காற்று முதலில் தின்பது அங்கேதான்.

தளத்துக்கு நான் கனமான மரப்பலகையைத்தான் சொல்வேன். மாரி மழையில் நனைந்த இரும்புத் தகட்டில் பெக்கோவின் இரும்புச் சங்கிலிப்பட்டி வழுக்கும். பலகை பிடித்துக்கொள்ளும்.

பெரும்போக அறுவடைக்கு மெஷின் கூப்பிடுகிறவர்களிடமும் குளக்கட்டு வேலைக்குப் பெக்கோ கூப்பிடுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கூலியைப் பேசுவதற்கு முன் தளம் எத்தனை மீற்றர் உயரம் என்று கேளுங்கள். வண்டி புறப்படும் முன் நான்கு மூலையிலும் சங்கிலி, பெக்கோவின் கைக்குத் தனியாக ஒரு சங்கிலி என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். கயிறு போதாது.