40ஆம் நம்பர் நூலும் செயற்கை நுண்ணறிவும்

அருப்புக்கோட்டை வட்டாரத்து நூற்பாலை ஒன்றுக்கு நீங்கள் ஒரு மாதப் பயிற்சிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். சோதனைக்கூடத்தில் 120 கெஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை போடுவார்கள். இந்த நீளத்திற்கு ‘லீ’ என்று பெயர். 64.8ஐ அதன் கிராம் எடையால் வகுத்தால் நூலின் நம்பர் கிடைக்கும். எடை 1.62 கிராம் என்றால் அது 40ஆம் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலியும்.

ஒரு பிற்பகல் எடை 1.58 கிராம்தான் வருகிறது. நம்பர் 41! பயிற்சி மாணவர் பலர் இன்று என்ன செய்கிறார்கள்? எண்களைச் சாட்ஜிபிடிக்கு ஊட்டிக் காரணம் கேட்கிறார்கள். ‘இயந்திரத்தில் இழுப்பு கூடிவிட்டது, பல்சக்கரத்தை மாற்றுக’ என்று சரளமாகப் பதில் வரலாம். அது அப்படியே அறிக்கையில் ஏறிவிடும்.

பருத்தியோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். உலர்ந்த பருத்தி 100 கிராமுக்கு 8.5 கிராம் நீர் என்பது வணிகத்தில் ஒப்புக்கொண்ட அளவு. நம் கரிசல் காட்டுக் கோடைக் காற்றில் அது 6 கிராமாகக் குறைந்தால் போதும், 40ஆம் நம்பர் நூல் 41 என்று காட்டும். நூல் மெலியவில்லை, நீர்தான் போயிற்று. அறிக்கையை நம்பிப் பல்சக்கரத்தை மாற்றினால், சரியாக ஓடிய நூல் தடித்துப்போகும். இதனால்தான் 27 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதத்தில் நூலை வைத்திருந்து பிறகு சோதிக்கிறார்கள்.

கருவிக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. பருத்தியின் ஈரம் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதும். அன்று அந்த அறையின் ஈரப்பதமானி என்ன காட்டியது என்பதை மட்டும் நீங்கள் சொன்னாலன்றி அது அறியாது. அதைப் பார்க்கத்தானே உங்களை ஆலைக்கு அனுப்புகிறோம்?

குறை மாணவரிடம் மட்டுமா? தடித்த அறிக்கை கேட்டு, புரட்டாமலே மதிப்பெண் இடும் கல்லூரிகளும் உண்டு. அங்கே கருவியை நாடாத மாணவர்தான் ஏமாளி!

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு இக்கருவிகள் பற்றி விதிமுறை வகுத்தது. நீதிபதிகளோடு பயிற்சி மாணவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். கருவி தருவதை மனிதர் சரிபார்த்தாக வேண்டும். தீர்ப்புக் காண அதை நாடக்கூடாது. ஆலைக்கு இப்படியொரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பஞ்சுக் கலவை விகிதம் ஆலையின் ரகசியம். வெளியார் கணிப்பொறிக்கு அதை அனுப்புமுன் மேற்பார்வையாளரைக் கேளுங்கள்.

எடையோடு அறையின் ஈரப்பதத்தையும் நோட்டில் குறியுங்கள். உங்கள் ஊகத்தை எழுதுங்கள். அதன்பின், ‘வேறென்ன காரணம் இருக்கலாம்?’ என்று கருவியைக் கேளுங்கள். நாலைந்து சொல்லும். ஈரம்தான் காரணமா என்பது, அதே நூலை விதிப்படி வைத்திருந்து மறுநாள் எடை போட்டால் தெரிந்துவிடும்.