ஸ்பீக்கருக்கு ஒரு சீட் பெல்ட்

மறைமலை நகரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாடு பார்ப்பவர். ‘ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருக்கேன், வந்து கேட்டுட்டுப் போங்க சார்’ என்று ஆறு மாதமாக நச்சரிப்பு. (ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள் இருந்திருந்தால் ‘ஒலிபெருக்கி’ என்று திருத்தியிருப்பார்.)

மர ரேக். அதில் மூன்றடி உயரத்தில் வலமும் இடமுமாக இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றும் எட்டு கிலோ. இளையராஜாவின் வயலின்கள் ஆரம்பித்ததும் நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய இரண்டரை வயது மகளுக்கு வேறு சந்தேகம்: ‘உள்ள யாரு பாடறா?’ பார்த்துவிடலாம் என்று கீழ்த் தட்டில் கால் வைத்து ஏறி, ஸ்பீக்கரின் விளிம்பைப் பிடித்தாள். ரேக்கே முன்னால் சாய்ந்தது. பக்கத்தில் நின்றிருந்த அம்மா ஒரு கையால் குழந்தையையும் ஒரு கையால் ரேக்கையும் பிடித்துவிட்டார். ‘இதை நான் அப்பவே சொன்னேன்ல?’

நண்பர் பதில் பேசவில்லை. ஆபீஸில் ஒரு போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை என்றால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறவர்.

ஸ்பீக்கரோடு வந்த கையேட்டையும், அவர் படித்துவிட்டு வாங்கிய விமர்சனங்களையும் இரவல் வாங்கி வந்து படித்தேன். பேஸ் எப்படி, ட்ரெபிள் எப்படி, பாடகி எந்த இடத்தில் நின்று பாடுவது போலக் கேட்கிறது, எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. காது மட்டத்துக்கு உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. கையேட்டின் கடைசியில், இடி மின்னலுக்கும் ஈரத் துணிக்கும் நடுவில், ‘உறுதியான பரப்பில் வைக்கவும்’. அவ்வளவுதான்.

இதைக் குறையாகத்தான் சொல்கிறேன். ஒரு பொருளை விமர்சிப்பவர் அது ஒரு வீட்டில் இருக்கப்போகிறது என்பதை மறந்தால், அது பாதி விமர்சனம். கார் விமர்சனம் அப்படியா இருக்கிறது? மைலேஜுக்கு அடுத்த கேள்வி ‘எத்தனை ஸ்டார்?’ 2023 அக்டோபரிலிருந்து ‘பாரத் என்கேப்’ என்று நாமே காரை மோதிப் பார்த்து மார்க் போடுகிறோம். 2022 வரை ஃபோர்டு கார்கள் வெளிவந்த ஊர் மறைமலை நகர். அங்கே சீட் பெல்ட்டின் அவசியத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹாலுக்குள் வந்ததும்தான் மறந்துபோகிறது.

கொஞ்சம் கணக்கு. மூன்றடியிலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். எட்டு கிலோ பெட்டி, சைக்கிள் வேகம், கீழே ஒரு குழந்தையின் தலை. தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கரும் சாதுவல்ல. ஒரு மீட்டர் உயரம், 25 செ.மீ. அகலம், இருபது கிலோ என்றால், உச்சியில் பக்கவாட்டில் இரண்டரை கிலோ விசை கொடுத்தால் சாய ஆரம்பித்துவிடும். நடை பழகும் குழந்தை பிடித்துக்கொண்டு நின்றாலே போதும்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தைக் கொடூரமாகத்தான் கற்றார்கள். ட்ராயர் அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகு, 2016ல் ஐகியா அங்கே 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022 கடைசியில் ‘ஸ்டர்டி’ என்று ஒரு சட்டமே வந்தது. அதுவும் துணி அலமாரிகளுக்குத்தான். ஸ்பீக்கருக்கு இல்லை.

எனவே நாமே பார்த்துக்கொள்ள வேண்டியது. முதலில் ரேக்கை சுவரோடு பிணைக்க வேண்டும். இரண்டு எல் ஆங்கிள், நாலு ஸ்குரூ. ட்ரில் போடுகிறவரிடம் ‘வெறும் பூச்சில் நிற்கக் கூடாது, செங்கல்லுக்குள் போக வேண்டும்’ என்று சொல்லுங்கள். பிறகு ஸ்பீக்கர். பல மாடல்களில் முதுகில் பிராக்கெட் மாட்டத் திருகுத் துளை இருக்கும். அதிலிருந்து சுவருக்கு ஒரு குட்டைப் பட்டை. துளை இல்லையென்றால் பெட்டியில் நீங்களே ஓட்டை போடாதீர்கள். சுற்றி ஒரு பட்டை போட்டுத் தட்டோடு கட்டிவிடலாம். அடியில் ரப்பர் ஷீட்டோ புட்டியோ வைப்பது நழுவாமல் இருக்கத்தான். ஏறுகிற குழந்தையை அது தாங்காது. தொங்கும் ஒயரை கிளிப் அடித்து ஒதுக்குங்கள். முக்கியமாக ரிமோட், பொம்மை, சாக்லேட் எதையும் மேலே வைக்காதீர்கள். அது குழந்தைக்கு வைக்கும் அழைப்பிதழ்.

‘வாடகை வீடு சார், ஆணி அடிச்சா அட்வான்ஸ்ல பிடிச்சுடுவாங்க’ என்பீர்கள். நியாயமான பயம். வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். காலி செய்யும்போது நாலு ஓட்டையை அடைக்கக் கொஞ்சம் பட்டி போதும். மாட்டேன் என்றால் ரேக்கை ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். அதுவும் முடியாதென்றால், குழந்தை வளரும் வரை ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் வையுங்கள். ராஜா காத்திருப்பார்.

போன வாரம் நண்பர் போன் செய்தார். ரேக், ஸ்பீக்கர் இரண்டையும் சுவரோடு இறுக்கிவிட்டாராம். ‘சவுண்டு முன்னைவிட நல்லா இருக்கு சார்!’

அதை நான் நம்பவில்லை. ஆனால் இனிமேல் அவர் தாராளமாகக் கண்ணை மூடிக்கொள்ளலாம்.