யாரு பேசப் போனது? – ‘ஆஸ்லோ’ படத்தை முன்வைத்துச் சில கேள்விகள்

காசாவில் ஒரு தெரு. ஒரு பையன், கையில் கல். எதிரே ஒரு சிப்பாய், அவனும் கிட்டத்தட்ட அதே வயசுப் பையன்தான், கையில் துப்பாக்கி. ரெண்டு பேர் கண்ணிலும் ஒரே பயத்தைப் பார்த்தேன் என்கிறார் நார்வே வெளியுறவுத் துறை அதிகாரி மோனா யூல். ‘ஆஸ்லோ’ படம் முழுக்க இந்தப் பார்வையின் மேல்தான் நிற்கிறது. ஜே.டி. ரோஜர்ஸ் எழுதி 2016இல் நியூயார்க்கில் மேடையேறி, அடுத்த வருஷம் டோனி விருது வாங்கிய நாடகம் இது. மேடையில் இயக்கிய பார்ட்லெட் ஷெர்தான் 2021இல் படமாகவும் எடுத்தார். பகைவர்கள் ரகசியமாக ஓர் அறையில் உட்கார்ந்து பேசி மனுஷராக மாறுகிற கதை. பார்க்கிற யாருக்கும் தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்தது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ரெண்டு கண்ணிலும் பயம் இருந்திருக்கும். இல்லையென்று சொல்ல நான் யார்? ஆனால் பயத்தைப் பார்த்த கண்ணுக்குக் கல்லுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் எப்படித் தப்பிப்போனது? அந்தத் தெரு யாருடைய தெரு, அங்கே சிப்பாய்க்கு என்ன வேலை என்ற கேள்வி எங்கே போனது?

நடந்தது இது. 1991 அக்டோபரில் மாட்ரிட் மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்து வாஷிங்டனில் அதிகாரபூர்வப் பேச்சு சுற்றுச் சுற்றாக நடந்தது, நகரவில்லை. பாலஸ்தீனர் குழுவின் தலைவர் காசாவைச் சேர்ந்த மருத்துவர் ஹைதர் அப்தெல் ஷாஃபி. குழுவின் குரலாக உலகம் அறிந்தது ஹனான் அஷ்ராவியை. முதலில் குடியேற்றத்தை நிறுத்து, மற்றதைப் பிறகு பேசுவோம் என்று பிடிவாதமாக நின்ற குழு அது. ஆக்கிரமிப்புக்குள்ளே வாழ்கிறவர்களின் பிடிவாதம். இதற்கிடையில் 1993 ஜனவரி 20 அன்று, நார்வேயில் சார்ப்ஸ்போர்க் பக்கம் ஒரு மாளிகையில், யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரோன் புன்டக் என்ற இரண்டு இஸ்ரேலியக் கல்வியாளர்களும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அகமது குரெயும் (அபு அலா) சந்தித்தார்கள். ஏற்பாடு மோனா யூலும் அவர் கணவர் டெர்ஜே ரோட் லார்சனும். லார்சன் அப்போது ஃபாஃபோ என்ற ஆய்வு நிறுவனத்தின் தலைவர். மே மாதம் ஊரி சவீர் வந்தார், ஜூனில் வழக்கறிஞர் ஜோயல் சிங்கர் வந்தார். இந்த இருவர் வந்த பிறகு அது கல்வியாளர் பேச்சு இல்லை, அரசாங்கப் பேச்சு. ஆகஸ்ட் 20இல் சுருக்கொப்பம், செப்டம்பர் 13இல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கைகுலுக்கல். அறைக்குள் என்ன எழுதப்படுகிறது என்பது வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த குழுவுக்குச் சொல்லப்படவில்லை.

ரோஜர்ஸின் நாடகப் பாத்திரப் பட்டியலில் அப்தெல் ஷாஃபி இல்லை, அஷ்ராவி இல்லை. வாஃபிள் சுடுகிற நார்வேக்காரப் பெண்ணுக்கு இடம் இருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, நல்ல பாத்திரம்தான்.

லார்சனின் முறை ஒன்று உண்டு. அறைக்குள் வேலை, வெளியே நட்பு. சேர்ந்து சாப்பிட வேண்டும், குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும், சரித்திரத்தைக் கிளறக் கூடாது. குரெய்க்கும் சவீருக்கும் மாயா என்று ஒரே பெயரில் மகள் இருப்பது தெரியவரும் இடத்தில் படம் உருகுகிறது. இந்த மாதிரிப் பேச்சுக்கு ‘இரண்டாம் தடம்’ என்று 1981இல் பெயர் வைத்தவர் ஜோசப் மான்ட்வில் என்ற அமெரிக்க அதிகாரி. அரசுகள் பேச முடியாதபோது மனுஷர்கள் பேசலாம், மோதலின் வேர் பாதி மனசில் இருக்கிறது, அந்த மனசைத் தொட்டால் மீதி தானே அவிழும் என்பது அந்தச் சிந்தனையின் சாரம்.

இந்தப் பேச்சை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், நார்வேயில் அல்ல. ஒரு தாலுகா ஆபீஸில். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் சுடுகாட்டுப் பாதையை மறித்து, பிணத்தோடு நின்ற சனத்தை அடித்தார்கள். அப்புறம் சமாதானக் கூட்டம். ஊர்த் தரப்பில் நாலு பேர், காலனித் தரப்பில் நாலு பேர், நடுவில் அதிகாரி. ரெண்டு பக்கமும் நாலு நாற்காலி. பார்த்தால் சமம். கூடப்போன பொம்பளைங்க எங்களை வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் வழியாகக் கேட்டது: “அண்ணன் தம்பியா பழகிட்டிருந்தோம், வெளியாளுங்க வந்து கெடுத்துட்டாங்க. நடந்தது நடந்துபோச்சு, பழசைக் கிளறாதீங்க. பி.சி.ஆர். கேஸை வாபஸ் வாங்குங்க. பாதை விஷயம் திருவிழா முடியட்டும், ஒக்காந்து பேசுவோம்.” எல்லாருக்கும் டீ வந்தது. ஒரே மாதிரி கண்ணாடி டம்ளர். எங்க ஆளு ஒருத்தர் வெளியே வந்து, “ஒண்ணா டீ குடிச்சோம்மா” என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அறுபது வருஷம் தனிக் கிளாஸில் குடித்த மனுஷர். அந்தச் சந்தோஷத்தைத்தான் மேசையின் எதிர்ப்பக்கம் காசாக்கிக்கொண்டது.

‘பாதை விஷயம் பிறகு’. இதே சொல் 1993 செப்டம்பர் ஒப்பந்தத்தில் சட்ட மொழியில் இருக்கிறது. ஜெரூசலம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள், பாதுகாப்பு எல்லாம் இறுதிநிலைப் பேச்சுக்குத் தள்ளப்பட்டன. ஐந்து வருஷ இடைக்காலத்தில் குடியேற்றத்தை நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி இல்லை. எதற்காகச் சண்டையோ அது பிறகு. சண்டையை நிறுத்துவது மட்டும் உடனே. அப்போது கிழக்கு ஜெரூசலம் நீங்கலாக மேற்குக் கரையில் குடியேறியிருந்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். 2000ஆம் ஆண்டில் அது இரண்டு லட்சத்தை நெருங்கிவிட்டது. பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷங்கள்தான் அவை. பேச்சு என்பது வேலை நிறுத்தமில்லை. ஒரு தரப்பு பேசிக்கொண்டே வீடு கட்டிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 9 தேதியிட்ட கடிதங்களையும் படித்துப் பார்க்க வேண்டும். அராஃபத் எழுதியதில், இஸ்ரேல் அரசு சமாதானத்தோடும் பாதுகாப்போடும் இருக்கும் உரிமையை ஏற்கிறார், ஐ.நா. தீர்மானங்களை ஏற்கிறார், பயங்கரவாதத்தைக் கைவிடுகிறார், தன் இயக்கத்தின் சாசனத்தைத் திருத்துவதாக வாக்குத் தருகிறார். ராபின் எழுதியது சின்னக் கடிதம்: பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக உங்கள் இயக்கத்தை ஏற்கிறோம், பேச்சைத் தொடங்குகிறோம். நாடு பற்றிப் பேச்சே இல்லை. ஒருவர் மற்றவரின் இருப்பு உரிமையை ஏற்கிறார். மற்றவர் இவரைப் பேச வந்த ஆளாக ஏற்கிறார். நாற்காலி சமம், தாள் சமமில்லை.

சிங்கர் கேள்விமேல் கேள்வி கேட்டு வரைவைப் பிரித்து மேய்ந்த வழக்கறிஞர். பெரும்பாலான சுற்றுகளில் பாலஸ்தீனத் தரப்பில் அப்படியொருவர் மேசையில் இல்லை. எட்வர்ட் சைத் 1993 அக்டோபரிலேயே இதைச் சரணாகதி என்று எழுதினார். கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் இயக்கத்தின் செயற்குழுவிலிருந்து விலகினார். விருது வாங்கியவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது, விலகியவரின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நடுவராக நின்ற நார்வேயின் பங்கை ஆராய்ந்த அந்நாட்டு வரலாற்றாசிரியர் ஹில்டே ஹென்ரிக்சன் வாகே, பலவீனமான நாடு நடுவராக இருந்தால் பலசாலியின் நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் இயங்க முடியும் என்ற முடிவுக்கு வந்தார். அந்த மாதங்களின் கோப்புகள் வெளியுறவுத் துறை ஆவணக் காப்பகத்தில் இல்லை என்பதையும் அவர்தான் வெளியே சொன்னார். எங்க ஊர்க் கூட்டத்து மினிட்ஸும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் ரகசியமாகப் பேசவே கூடாதா என்று தோழர் ஒருவர் கேட்டார். அவர் கேள்வி நியாயம்தான். பாலஸ்தீன இயக்கத்தோடு ஓர் இஸ்ரேலியர் பேசினாலே குற்றம் என்று 1986இல் சட்டம் போட்டிருந்தார்கள். தொட்டால் தீட்டு என்பதன் நாடாளுமன்ற வடிவம். 1993 ஜனவரியில், முதல் சந்திப்புக்கு முந்தின நாள்தான் அது நீக்கப்பட்டது. அந்தச் சுவரைத் தாண்டக் கொல்லைவாசல் தேவைப்பட்டிருக்கலாம். கொல்லைவாசல் நமக்கொன்றும் புதுசில்லை. ஆனால் அதே சட்டத்தை மீறி, மறைக்காமல் அராஃபத்தைப் போய்ப் பார்த்துவிட்டு 1989இல் சிறைக்குப் போன இஸ்ரேலியர் ஏபி நேதன் ஒருவர் இருந்தார். அதுவும் அரசு சாராத பேச்சுதான். அவர் தன் தரப்பின் சட்டத்தை எதிர்த்து, தன் உடம்பை விலையாக வைத்துப் பேசினார். மாளிகையில் கூடியவர்கள் விலையாக வைத்தது அங்கே இல்லாதவர்களின் நிலத்தை. அரசு சாராத பேச்சு எல்லாம் ஒன்றல்ல.

சமாதானத் தாள் என்ன செய்யும் என்பதற்கு மதுரை மாவட்டம் உத்தப்புரத்தைப் பார்க்கலாம். தலித் குடியிருப்பை மறித்து நின்ற நீண்ட சுவருக்கு ஆதாரமாக ஆதிக்கச் சாதியினர் காட்டியது 1989 கலவரத்துக்குப் பிறகு ஏற்பட்ட ஒப்பந்தத்தை. நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதுதானே என்றார்கள். விரும்பிப் போட்டதல்ல என்றார்கள் தலித்துகள். சுவரின் ஒரு பகுதி இடிபட 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் பேச்சால் மட்டும் இல்லை, போராட்டத்தால். அடிபட்டவனின் கையெழுத்து சுவருக்குப் பட்டாவாகிவிடுகிறது. 2002இலிருந்து மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய சுவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உத்தப்புரத்துத் தாள்தான் ஞாபகம் வருகிறது.

படத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குரெயாக வரும் சலீம் தாவ். எதிர்த்தரப்பு சிரிக்கும்போது தானும் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பு முடிகிற நொடியில் முகத்தை இறுக்கிக்கொள்கிறார். நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவனின் முகம் அது. எழுத்திலும் இயக்கத்திலும் இல்லாத ஓர் உண்மையை நடிகர் தன் முகத்தில் வைத்திருக்கிறார். சாதியோ ஆக்கிரமிப்போ மனஸ்தாபம் இல்லை, பேசித் தீர்த்துக்கொள்ள. ஒருத்தன் கையில் மற்றவன் நிலமும் பாதையும் இருக்கிறது. அந்த முகத்துக்கு இது தெரிந்திருக்கிறது, படத்துக்குத் தெரியவில்லை.

திருவிழா முடிந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு அழைத்தபோது காலனியில் பேசி ரெண்டு விஷயம் முடிவு பண்ணினோம். முதலில் பாதை, அது எழுத்தில் வந்த பிறகுதான் கேஸைப் பற்றிப் பேச்சு. நாலு நாற்காலியில் ரெண்டு பொம்பளைங்களுக்கு. அப்பா பிணத்தோடு அன்றைக்கு நின்ற அக்கா உள்ளே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, “பாதையைச் சொல்லுங்க சார்” என்றார். டீ வந்தது, அவர் தொடவில்லை. பதினஞ்சு நிமிஷத்தில் கூட்டத்தைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள். கேஸ் நடக்கிறது. கோர்ட்டுக்கு நாங்கள் மினிவேனில் போய்வருகிறோம்.