அணுவின் அசைவும் அம்பலக் கூத்தும்

வியன்னா நகரிற் பிறந்து பௌதிக நூலில் வல்லவரான பிரிட்ஜாப் காப்ரா என்பார் 1975ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘பௌதிகத்தின் தாவோ’ என்னும் நூல், மேனாட்டாரது குவாண்டக் கொள்கையும் கீழ்நாட்டாரது ஞானமும் ஒன்றனையே கூறுவன என நாட்டப் புகுந்ததாகும். கடற்கரையில் ஒருநாட் பிற்பகல் அலைகளை நோக்கி அமர்ந்திருந்தபோது, மணலும் நீரும் காற்றுமாகிய அனைத்தின் அணுக்களும் ஓயாது ஆடுவனவாகத் தமக்குத் தோன்றின என்றும், அவ்வாட்டமே சிவபெருமான் திருநடனமெனத் தாம் தெளிந்ததாகவும் அவர் முகவுரையிற் கூறுவர். 15ஆம் அதிகாரம் இக்கருத்தின் விரிவாகும். 2004ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், ஜெனீவாவை அடுத்த செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில், இந்திய அரசு நல்கிய இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசத் திருவுருவம் திறந்துவைக்கப்பெற்றது. அதனருகே பொறித்த வாசகத்தில் காப்ராவின் மொழியும் உண்டு. இதுகொண்டு, கூத்தப்பிரான் ஆடலை அணுநூல் மெய்ப்பித்துவிட்டது எனச் சைவர் சிலரும் மகிழ்ந்து பேசுவாராயினர். அப்பேச்சு நிற்குமா என்பது ஆராயத்தக்கது.

திருவுருவத்தின் பொருளைக் காப்ரா தாமே கற்பித்தாரல்லர். ஆனந்த குமாரசாமி 1912ஆம் ஆண்டில் ‘சித்தாந்த தீபிகை’ என்னும் சைவத் திங்களிதழில் எழுதி, 1918இல் நியூயார்க்கில் நூலாக வெளியிட்டவற்றுட் சேர்த்த நடனக் கட்டுரையே அவர்க்கு ஆதாரம். அக்கட்டுரையோ உண்மை விளக்கம் முதலிய தமிழ்ச் சாத்திரங்களைத் துணைக்கொண்டது. ஆகவே துடியும் தீயும் அமைத்த கரமும் எடுத்த திருவடியும் முயலகனும் இன்னின்ன குறிப்பன எனக் காப்ரா கூறுமிடத்துப் பெரும்பிழை இல்லை. பிழை, அதனை அணுவொடு பொருத்துமிடத்தே தொடங்குகின்றது.

இயக்கம் என்பது யாது? ஒரு பொருள் ஒரு கணத்தில் ஓரிடத்தும் மறு கணத்தில் மற்றோரிடத்தும் நிற்பதாய், இடையறாத வழியொன்றைப் பற்றிச் செல்லுதலே இயக்கமென, நியூட்டன் 1687இல் தம் நூலை வெளியிட்டது முதல் இருநூறாண்டுகட்கு மேலாக மேனாட்டார் கொண்டனர். ரதர்போர்டு 1911இல் அணுவின் நடுவே கருவுண்டு எனக் காட்டிய பின், எலெக்ட்ரான்கள் அக்கருவைக் கோள்கள் போலச் சுற்றுவன என்று எண்ணினர். அங்ஙனம் சுற்றுமாயின், மின்னுடைப் பொருளாதலின் அஃது ஒளியை உமிழ்ந்து ஆற்றலிழந்து, ஒரு நொடியைப் பத்தாயிரங் கோடிக் கூறு செய்த ஒன்றிரண்டு கூற்றினுள் கருவில் வீழ்ந்தொழிதல் வேண்டும். கல்லும் மண்ணும் உடம்பும் அழியாது நிற்கக் காணப்படுதலின், எலெக்ட்ரான் அவ்வாறு சுற்றுவதில்லை என்பதே பெறப்படும். நீல்ஸ் போர் என்பார் 1913இல், குறித்த சில வட்டங்களில் மட்டுமே அது சுற்றுமென்றும், ஒன்றினின்று மற்றொன்றிற்குத் தாவுமென்றும் கூறினார். தாவுங்கால் இடையில் அஃது எங்குளது என்பார்க்கு அக்கொள்கையில் விடையில்லை. 1925இல் ஹைசன்பர்க்கும் 1926இல் ஷ்ரோடிங்கரும் வகுத்த கணிதத்தில் அவ்வட்டங்களும் மறைந்தொழிந்தன. ஹைட்ரஜன் அணுவின் தாழ்நிலையில் எலெக்ட்ரானுக்குக் கருவைச் சுற்றுதலான் வரும் உந்தம் சூனியமாம். அதனை இவ்விடத்துக் காண்டற்குரிய நிகழ்தகவு இவ்வளவு, அவ்விடத்து அவ்வளவு என்னும் கணக்கோ காலத்தாற் சிறிதும் மாறுவதன்று. காலத்தால் மாறாததனை ஆட்டம் என்றல் எங்ஙனம்?

அற்றேல் அஃது அசைவற்று நிற்கின்றதோ எனின், அதுவும் கூறலாகாது. ஹைசன்பர்க் 1927இல் காட்டியவாறு, இடம் வரையறைப்படுந்தோறும் உந்தம் வரையறையின்றிப் போம். ஆகவே சிற்றெல்லையுள் அடைபட்ட பொருள் முற்றும் ஓய்தல் இயலாது. ஹீலியம் என்னும் வாயு நீர்மமான பின், சாதாரண அழுத்தத்தில் எத்துணைக் குளிர்வித்தாலும் உறையாமைக்கு இதுவே காரணம். ஏறத்தாழ 25 மடங்கு அழுத்தம் கொடுத்தாலன்றி அது கட்டியாவதில்லை.

இவற்றைக் காப்ரா அறியாதவரல்லர். 11ஆம் அதிகாரத்தில், எலெக்ட்ரானை நிற்பதென்றும் இயங்குவதென்றும் சொல்லவொண்ணாமை பற்றி ஓப்பன்ஹைமர் கூறியதனை எடுத்துக்காட்டி, அதனை ஈசாவாசிய உபநிடதத்தோடு ஒப்பிடுகின்றார். நான்கு அதிகாரங் கழிந்தபின், எல்லாம் ஓயாது ஆடுகின்றன என்கின்றார். இயங்குவதென்று சொல்லவொண்ணாதது ஆடுவது யாங்ஙனம்? முன்னொடு பின் மலைதல் என்னும் குற்றம் இது.

அவ்வொப்புமைதானும் சொல்லளவில் நிற்பதன்றிப் பொருளளவிற் செல்லாது. வாயிற்காவலன் உறங்கவில்லை, அவன் கைக்கோலும் உறங்கவில்லை. அதுபற்றிக் கோல் விழித்திருக்கின்றது என்பார் யாருமிலர். எலெக்ட்ரானுக்கு இயக்கம் மறுக்கப்பட்டது, அளந்தறிதற்கு முன் இடமும் வேகமும் அதற்கு ஒருங்கே அமையாமை பற்றியாகும். இறைவனுக்கு இயக்கம் மறுக்கப்படுவதோ, எங்கும் நிறைந்த பொருள் பெயர்ந்து செல்லுதற்கு வேறிடம் இன்மை பற்றியாகும். இறைவன் இயங்குகின்றான் எனப்படுவதும், தன் சந்நிதியில் அனைத்தையும் இயக்குதல் பற்றியே. ஒன்று சடத்தின் வறுமை. மற்றொன்று சித்தின் நிறைவு. காரணம் இரண்டாகவே, இல்லை என்னும் சொல் ஒன்றாதலால் யாதும் பெறப்படாது. எலெக்ட்ரானுக்கு வழியுண்டு எனக் கொண்டே கணக்கு முடிபுகள் அனைத்தையும் பெறலாமெனக் காட்டிய டேவிட் போம் என்பாரும் உளர். 1952இல் அவர் வகுத்தபடி, ஹைட்ரஜன் அணுவின் தாழ்நிலை எலெக்ட்ரான் அசையாது ஓரிடத்தே நிற்கும் என்பது வியப்பிற்குரியது!

இனி, ஆடற்குச் சான்றாகக் காட்டப்பெறும் நிழற்படங்களை நோக்குதல் வேண்டும். கிளாசர் என்பார் 1952இல் அமைத்த குமிழிக்கலத்தில் துகள்கள் சென்றதாகத் தோன்றும் வளைகோடுகள் அவை. காண்பார்க்குக் கூத்தின் வீச்சு நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும் அப்படத்திற் கோடு என ஒன்றில்லை. தனித்தனிக் குமிழிகளின் நிரையே உண்டு. குமிழி ஒவ்வொன்றும் அணுவினும் பன்மடங்கு பெரிது. குமிழிக்குக் குமிழி இடையில் துகள் சென்ற வழி இதுவெனக் கொள்கை கூறுவதில்லை. ஒரு திசையும் பற்றாது எப்புறமும் பரவும் அலை, முகிற்கலத்தில் நேர்கோடாகிய துளிநிரையை உண்டாக்குமாறு எங்ஙனம் என்பதை நெவில் மாட் 1929இலேயே கணக்கிட்டுக் காட்டினார். துளிகள் ஒரு நேரில் அமைதற்கு, இடையில் வழியொன்று வேண்டாமலே காரணம் கூறினார் அவர். அவ்வாறாகவே, ஆடலின் சுவடெனக் காட்டப்பட்ட படமே ஆடல் இது எனச் சுட்டவொண்ணாமையைக் காட்டுவதாய் முடிந்தது.

காப்ரா பெரிதும் பற்றிய கொள்கை, துகள்கள் ஒன்றையொன்று தாங்குமன்றி அடிப்படைத் துகள் என ஒன்றில்லை என்னும் ஜெப்ரி சூவின் கொள்கையாம். நூல் வெளிவருதற்கு முன்னரே, 1974 நவம்பரில், இரண்டு ஆராய்ச்சி நிலையங்களிற் புதுத் துகளொன்று கண்டறியப்பட, குவார்க்குகளே அடிப்படை என்னும் கொள்கை மேலோங்கியது. அறிஞர் பலரும் சூவின் கொள்கையைக் கைவிட்டனர். அதன்மேல் நிறுத்திய தாண்டவம் அதனொடு வீழுமோ? சைவ மேடையில் இந்நூலைக் கைக்கொள்வார் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

ஒப்புமை காட்ட விரும்பின் மாயையோடன்றோ காட்டல் வேண்டும்! டிராக் 1928இல் வகுத்த சமன்பாட்டின்வழிப் பெறப்பட்டு, 1932இல் ஆண்டர்சன் கண்ட பாசிட்ரான், எலெக்ட்ரானொடு கூடின் இரண்டும் ஒளியாய் மறையும். மிக்க ஆற்றலுடைய ஒளி, அணுக்கருவின் அருகே அவ்விரண்டுமாய்த் தோன்றுதலும் உண்டு. காப்ரா ஆக்கமும் அழிவும் என்பவை இவையே. ஆயினும் ஆற்றலின் அளவு முன்னும் பின்னும் ஒன்றே. இல்லது தோன்றவுமில்லை, உள்ளது அழியவுமில்லை. சற்காரிய வாதம் பயின்றார்க்கு இது புதிதன்று. காரணத்தில் ஒடுங்கிக் காரியமாய் விரிதல் சடத்திற்கு இயல்பு என அவர் அறிவர். அச்செய்தி பாசத்தைச் சார்ந்தது. பதியின் செயலாகிய கூத்தோ ஐந்தொழில். திருவுருவை விளக்கும்போது எடுத்த திருவடியை மறவாத காப்ரா, துகளொடு பொருத்தும்போது படைத்தல் அழித்தல் என்னும் இரண்டையே பொருத்தினார். மறைத்தலும் அருளலும் அங்கு இல்லை. இருத்தற்கு இடமும் இல்லை. மறைக்கப்பட்டு நின்று பின் அருளைப் பெறுதற்குரிய உயிர் அக்கணக்கில் யாண்டும் வைக்கப்படாமையின். உயிரின்பொருட்டு நிகழாத ஆட்டம் ஆயிரமாயிரம் ஊழி நிகழினும் அதனை அம்பலக் கூத்தெனல் சாத்திரத்தொடு பொருந்தாது.

நூலின் முற்பகுதியிற் குவாண்டக் கொள்கையைக் கணிதமின்றி எளிதில் விளக்கிய திறம் பாராட்டற்குரியது. 15ஆம் அதிகாரத்தை வாசிக்கப் புகுவார், உண்மை விளக்கத்தை உடன்வைத்து, ஐந்தெழுத்தும் ஐந்தொழிலும் திருவுருவில் அமைந்த பகுதியை முதலில் ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடங்குக.