மலைபடுகடாத்தில் ஓம்புதல்

பத்துப்பாட்டுள் இறுதிக்கண் நிற்பது மலைபடுகடாம். 583 அடிகளையுடைய இப்பாட்டு நீளத்தால் மதுரைக்காஞ்சிக்கு அடுத்தது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னனைப் பாடியது. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர் தலைவனுக்கு வழிகூறும் முறையில் அமைந்தமையின், கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். செங்கண்மா என்பது இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்றும், பாட்டுள் வரும் நவிரமலை பருவதமலை என்றும் அறிஞர் கொள்வர்.

உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையொடு பதிப்பித்த நாள்தொட்டு, இப்பாட்டு கற்றோர் கையில் உள்ளது. எனினும் இதன் மலைப்பகுதியைக் கற்பிப்போர் பெரும்பாலும் அதனை இரு கூறாகப் பகுத்தே விளக்குவர். வழியிலுள்ள ஏதங்களைக் கூறுவது இயற்கைப் புனைவு என்பது ஒன்று. வழியிற் பெறும் உணவைக் கூறுவது நன்னன் நாட்டு வளச்சிறப்பு என்பது மற்றொன்று. இப்பகுப்புக் கற்பித்தற்கு எளிது. ஆயினும் பாட்டின் ஓட்டத்தைச் சிதைப்பது. ஏதமும் விருந்தும் ஒரு வாழ்வின் இரு முகங்கள் என்பதும், அவ்வாழ்வினுள் புகும் புதியவர்க்கும் கடமைகள் உள என்பதுமே இம்மலைப்பகுதி உணர்த்தும் பொருள் என யாம் கருதுகின்றோம். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் விருந்தினை நோக்குவோம். மலைச்சிற்றூரை அடையும் கூத்தர், நன்னனுடைய கூத்தர் யாம் என்று சொல்லின் போதும். வாயிலில் நின்று காத்திராமல் தம் வீட்டினுள் புகுவார்போலப் புகலாம். உரிமையுடையார்போலக் கேளாமலே உறவு கொள்ளலாம். நெடுந்தொலைவு நடந்த வருத்தம் நீங்க இன்சொற் கேட்டு, நெய்யில் வெந்த இறைச்சியொடு தினைச்சோறு பெறலாம். மேலும், மூங்கிற் குழாயுள் விளைந்த தேனாற் சமைத்த தேறலும், மானும் முள்ளம்பன்றியும் முதலாகிய ஊனும், மோரும் புளியும் கலந்து மூங்கிலரிசி கொண்டு ஆக்கிய உணவும் மனைதோறும் கிட்டும். மக்களைப் போலக் கருதிப் போகவிடாது தடுப்பர். பரிசிலை மறந்து அங்கேயே நெடுநாள் தங்கிவிடவும் கூடும் என்கின்றார் புலவர்.

இவ்விருந்தைக் கூறி முடித்த சில அடிகளுக்குள்ளாகவே வழியின் ஏதம் தொடங்குகின்றது. முதலாவது ஏதம் யாது? விளைந்த புனத்தைப் பன்றிகள் அழித்தலின், அவை நுழையும் இடந்தோறும் குறவர் மாட்டிவைத்த பெருங்கற்பொறி. ஆதலின், இருளில் செல்லாது விடிந்தபின் செல்லுமாறு அறிவுறுத்துகின்றான் வழிகூறுவோன். அடுத்துப் பாம்பினைக் கூறி, பின்னர்க் கவண்கல்லைக் கூறுகின்றான். உயர்ந்த பரண்மேல் ஏறிப் புனம் காக்கும் குறவர், யானைகளை வெருட்டக் கவணால் எறியும் கற்கள் மூங்கில்களிற் பட்டுத் தெறித்து, குரங்குகள் குட்டிகளோடு சிதறியோடக் கூற்றுவனைப் போல வரும். மரங்களின் மறைவில் நின்று கடந்து செல்க என்பது அறிவுரை.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. பொறியை மாட்டியவரும் கவண் எறிந்தவரும் விருந்தளித்த அக்குறவரே. கூத்தர் உண்ட தினைச்சோறு அவ்விளைபுனத்தில் விளைந்தது. அப்புனத்தைக் காத்தற்கு எழுந்தனவே பொறியும் கல்லும். புனங்காவல் இல்லையேல் விருந்தும் இல்லை. எனவேதான் வழிகூறுவோன் குறவரை ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை. அவர்தம் தொழிலுக்கு இடையூறின்றியும் தமக்கு ஊறின்றியும் கடக்கும் முறையையே கூறுகின்றான். ஏதத்தையும் விருந்தையும் வேறு வேறாகப் பிரித்துக் கற்பார்க்கு இவ்வியைபு புலப்படாது.

மக்கள் செயலான் வரும் ஏதங்கள் இவை. மலை தானே விளைக்கும் ஏதங்களும் உள. கால் வழுக்கும் பாசி படர்ந்த இடங்களில் சிறுமூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிச் செல்ல வேண்டும். ஆழ்ந்த நீர்நிலைகளின் அருகே, கொடி சுற்றிய மரங்களைப் பற்றிக்கொண்டு, சிறுவரோடு ஒருவரையொருவர் காத்துக் கடக்க வேண்டும். விழுந்த மரம்போற் கிடக்கும் மலைப்பாம்பினை விலகிச் செல்ல வேண்டும். நெடிய பாறையில் தேர்ச்சக்கரம்போலத் தொங்கும் தேனிறாலைக் கண்டாலும் திடுமென நிமிர்ந்து நோக்குதல் கூடாது. நோக்கின் அடி பிறழும். நவிரமலைக் கடவுள் உறையும் இடத்தில் தொழுது செல்லலாம். வாளா இசைக்கருவியைத் தொடுதல் ஆகாது. தொட்டால் மழை பொழியும். இரவு வந்துறின், தம் இல்லம் புகுவார்போல மலைக்குகையுட் புகுந்து தங்க வேண்டும்.

இவ்வறிவுரைகளில் மீண்டும் மீண்டும் வரும் வினை ஓம்பு என்பது. கருவியைத் தொடாமையும் தேனிறாலை நோக்காமையும் 'ஓம்புமின்' என்னும் ஏவலாற் சொல்லப்படுகின்றன. இங்கு அச்சொல்லின் பொருள் தவிர்த்தல். சிறுவரொடு நீர்நிலை கடக்குங்கால் வரும் 'ஓம்பினர்' என்பதற்குப் பொருள் பேணுதல். மலை கடந்தபின் எதிர்ப்படும் வில்லேந்திய கூளியர், ஊனும் கிழங்கும் தந்து காப்பாரே யன்றி வருத்துவார் அல்லர் என்னுமிடத்து 'ஓம்புநர்' என்றே சொல்லப்படுகின்றனர். விருந்தோம்பல் என்பது இல்லத்தார் கடமை என நாம் அறிவோம். புதியவரும் தம்மை அடக்கி ஓம்பவேண்டும் என்பதனை அச்சொல்லாலேயே புலவர் உணர்த்துகின்றார்.

தவிர்த்தலும் பேணுதலும் ஓம்பு என்னும் வினைக்குச் சங்க நூல்கள் பலவற்றுள்ளும் வழங்கும் பொருள்களே. ஆகவே சொல் ஒன்றையே சான்றாகக் கொண்டு முடிபு கூறுதல் முறையன்று என்று தடை எழுப்பலாம். அத்தடையை யாம் ஏற்கின்றோம். எம் முடிபு சொல்லின்மேல் மட்டும் நிற்கவில்லை. விருந்தின்பின் ஏதத்தை நிறுத்திய அடைவின்மேலும், அவ்வேதங்களுட் சிலவற்றை விருந்தளிப்போர் செயலாகவே காட்டிய பொருளமைப்பின்மேலும் நிற்கின்றது. சொல் அதற்குத் துணைச்சான்று.

பாட்டின் பெயரும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. மலையை யானையாகவும் அதன்கண் எழும் ஓசையைக் கடாமாகவும் உருவகித்தமையால் இப்பெயர் வந்தது. அத்தொடர் 348ஆம் அடியில் உள்ளது. அவ்வோசைகள் யாவை? புலி பாய்ந்த கணவனின் மார்புப்புண் ஆறுதற்பொருட்டுக் கொடிச்சியர் பாடும் பாட்டு. பாறைப்பிளவில் வீழ்ந்த குட்டிக்காக மந்தி எழுப்பும் பூசல். அருங்குறும்பு எறிந்த கானவர் மகிழ்ச்சி. விடரகத்துத் தேர்வரவு போல ஒலிக்கும் காட்டாறு. கிளி கடியும் தட்டையோசை. தினை குற்றும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டு. மலைவாழ்நர் தாமும் ஏதத்தினிடையே வாழ்பவர் என்பதனைக் கொடிச்சியர் பாட்டே கூறிவிடுகின்றது. குறவரும் திகைக்கும் குன்றத்தில் வழி தப்பினால் கூத்தர் செய்யவேண்டுவது என்ன? அகன்ற பாறைமேல் ஒருங்கு கூடி, நடத்தலைத் தவிர்த்து, தம் கருவிகளை இசைத்தல் வேண்டும். கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவர். கடவுள்முன் அடங்கவேண்டிய அவ்விசையே இங்கு உதவி வேண்டும் குரலாகின்றது. எவ்விடத்து ஒலித்தல், எவ்விடத்து அடங்குதல் என்பதனை அறிந்தவனே நல்விருந்தினன்.

மற்றொரு தடையும் உண்டு. நன்னன் பெயரைச் சொன்னால்தான் விருந்து எனின், அது மன்னன் ஆணைக்கு அஞ்சிய செயல் ஆகாதோ என்பது அது. குறவர்மாட்டும் கூளியர்மாட்டும் அவன்பெயர் கூறுமாறு பாட்டு ஏவுகின்றது என்பது உண்மையே; அவன் புகழ் பாட்டின் நோக்கம் என்பதனையும் மறுத்தற்கில்லை. ஆயினும் ஆயர் பகுதியில் அவ்வேவல் இல்லை. கோவலர் மகளிர் இனிய பாலைச் சொரிகின்றனர். ஆட்டுமந்தை உடையோரிடம் இரவில் புகின், புதிதாகச் சமைக்க வேண்டாமலே பாலும் கூழும் உண்டு; தோற்படுக்கையும் தீயும் துணையாக உறக்கமும் உண்டு. அங்குக் கொடை, வேந்தன் பெயரை நோக்காது வந்தவர் களைப்பினை நோக்கியது.

இறுதியாக ஒரு சிறு செய்தி. கவர்த்த வழிகளில், பின்வருவோர் அறியும்பொருட்டுப் புல்லை முடிந்து இடுமாறு கூத்தர்க்குச் சொல்லப்படுகின்றது. இதனாற் பயன்பெறுவோர் நன்னனும் அல்லர், குறவரும் அல்லர். இன்னும் வாராத வேற்று வழிப்போக்கர். மலைவாழ்நரிடம் பெற்ற அன்புக்கு அங்கேயே கைம்மாறு செய்ய இயலாத கூத்தர், அடுத்து வருவார்க்கு அதனைச் செய்துவிட்டுப் போகின்றனர். மலையேற்றத்தையும் மலைநாட்டு உணவையும் விலைக்குப் பெறும் இக்காலத்தும், மலைக்குச் செல்வோன் அங்குள்ளார்க்கு யாது கடன்பட்டவன் என்னும் வினா எழுதல் வேண்டும். அவ்வினாவுக்குப் பெருங்கௌசிகனார் தந்த விடை ஒரு பிடி புல்லின் முடிச்சில் உள்ளது. வளமும் புகழும் மட்டுமே இப்பாட்டின் பொருள் எனக் கற்பிப்போர் அம்முடிச்சைக் காணாது கடப்பவர் ஆவர்.