எலாடியோவின் அறை

உளச்சிகிச்சையை நாடகமாக்குதல் எளிதன்று. இருவர் அமர்ந்து பேசுகின்றனர், நிகழ்ச்சி அவ்வளவே. இஸ்ரேலில் 2005ஆம் ஆண்டு ஹகாய் லெவி உருவாக்கிய தொடரொன்று இவ்வெறுமையையே தன் பலமாக்கிக்கொண்டது. அதனைத் தழுவி அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை வெளிவந்த ‘இன் ட்ரீட்மென்ட்’, பத்தாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின்பின் 2021இல் நான்காவது பருவத்துடன் திரும்பியது. களம் பெருந்தொற்றுக் காலத்து லொஸ் ஏஞ்சலிஸ். சிகிச்சையாளர், கறுப்பினப் பெண்ணான டொக்டர் புரூக் டெய்லர். உஸோ அடூபா நடித்திருக்கிறார்.

புரூக்கிடம் வருவோர் மூவர். சிறையிலிருந்து வெளிவந்த கோடீசுவரன் கொலின், அவரது அழகிய வீட்டின் இருக்கையில் அமர்ந்து வாதாடுகிறான். பாட்டியின் வற்புறுத்தலால் வரும் மாணவி லைலாவும் அங்கேயே அமர்கிறாள். மூன்றாமவனாகிய எலாடியோ, செல்வந்தர் வீடொன்றில் அவர்களது மகனைப் பராமரிக்கும் ஊழியன். தொடக்கத்தில் அவன் மட்டுமே கணினித் திரையில் தோன்றுகிறான். உடலுழைப்பாளிக்கே உடலற்ற சிகிச்சை வாய்க்கிறது! தொடரை ஆக்கியோர் இதனை எண்ணிச் செய்தனரோ, இல்லையோ, காட்சி உண்மையைச் சொல்லிவிடுகிறது.

தொலைவிலிருந்து சிகிச்சையளித்தல் நேற்றுத் தோன்றியதன்று. நெப்ராஸ்காவின் உளநோய் நிலையத்தினர் 1959இலேயே இருவழித் தொலைக்காட்சியைக் கையாண்டனர். 1964இல் 112 மைலுக்கு அப்பாலிருந்த மருத்துவமனையுடன் தொடர்பை ஏற்படுத்தினர். வைத்தியர் செல்லாத ஊருக்கு வைத்தியத்தைக் கொண்டுசெல்லும் அந்நோக்கம் மதிக்கத்தக்கது. திரைவழிச் சிகிச்சை பயனற்றதென்று கூறுவார் இன்றும் உளர். ஆய்வுகள் அவர்கள் பக்கம் இல்லை. நோயின் துன்பம் தணிவதில் அது பெரிதும் பின்தங்கிவிடவில்லை.

ஆயினும் அனுபவம் வேறுபடுகிறது. நாளெல்லாம் பிறர் தம்மை உற்றுநோக்குவதைச் சகிக்க முடியாதென்பதால் பிராய்ட் நோயாளியின் தலைமாட்டிற்குப் பின்னே அமர்ந்தார். திரையோ இருவர் முகத்தையும் ஒருமணி நேரம் எதிரெதிரே நிறுத்தி, சிகிச்சையாளருக்கு அவரது முகத்தையே ஒரு மூலையிற் காட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை நோக்கியும் கண்கள் சந்திப்பதில்லை. கமெரா ஓரிடம், கண் ஓரிடம். நடுங்கும் விரல் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. சிகிச்சையின் உயிர்நாடியான மௌனத்தைக்கூட இணைப்புத் துண்டித்ததோ என்று ஐயுற நேர்கிறது. மறுபுறம், நேரில் நாவெழாத சிலர் இத்தூரத்தின் மறைவிலேயே வாய்திறக்கின்றனர் என்பதையும் மறைக்கலாகாது.

இவ்விடத்தில்தான் தொடர் நழுவுகிறது. எலாடியோவின் அறைக்குள்ளேயே எம்மை அழைத்துச்சென்று, புரூக் காணவியலாதவற்றை எமக்குக் காட்டுகிறது. அன்ரனி ராமோஸின் நடிப்பு உயர்ந்தது. ஆயினும் அரைகுறையாகக் கண்டு முழுமையை ஊகிக்க வேண்டிய சிகிச்சையாளரின் தவிப்பு எமக்குக் கிட்டாது போகிறது. புரூக்கின் தனிமையைச் சித்திரித்தவிதம் இதனினும் நேர்மையானது. தந்தையை இழந்த துயரமும் மதுவும் காத்திருக்கும் அதே வீட்டில்தான் அவர் தொழில் செய்கிறார். திரை அணைந்ததும் நடந்து கடக்க ஒரு தெருவேனும் இல்லை.

அந்தரங்கம் என்பதும் ஒரு சொத்துத்தான். தனியறை இல்லாதோர் மோட்டார் வண்டிக்குள்ளும் குளியலறையிலும் ஒளிந்திருந்து சிகிச்சையாளருடன் பேசினர். அறை கிடைத்தோருக்கும் காவல் இல்லை. இணையவழிச் சிகிச்சையை விற்கும் ‘பெட்டர்ஹெல்ப்’ நிறுவனம் வாடிக்கையாளரது உளநலத் தகவல்களை விளம்பரத்துக்காக முகநூல் முதலியவற்றுக்கு அளித்ததென்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2023இல் அந்நிறுவனம் 78 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. பாவமன்னிப்புக் கூண்டின் சுவரே விற்பனைக்கு வந்த கதை இது.

எலாடியோ பேசுவது எசமானரின் வீட்டிலிருந்து. கட்டணம் செலுத்துவோரும் அவர்களே. தன்னைக் குடும்பத்தில் ஒருவனாகக் கருதுகிறார்களா, கூலியாளாகவா என்ற கேள்வியே அவனை வாட்டுகிறது. அதனை அவர்களது கூரையின்கீழ், அவர்களது பணத்தில், எவ்வளவு உரத்துக் கேட்க முடியும்? புரூக் அவனது தாயைப்பற்றி விசாரிக்கிறார், கனவைப்பற்றி விசாரிக்கிறார். அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று முதலில் விசாரித்திருக்கலாம்.